பனியாற்றைப் பார்க்க லே வரை போக வேண்டாம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா, அம்மா, மனைவி, பத்து வயது மகன், தான் என்று ஐந்து பேர். அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆகஸ்டில் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை இரண்டு நாளில் போகிற மாதிரி வண்டி பேசியிருக்கிறார்கள், முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. பையனுக்குப் பாடத்தில் பனியாறு வந்திருக்கிறது, நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்கிறானாம். வழியில் எங்கெங்கே நிறுத்தினால் நன்றாகத் தெரியும் என்பதுதான் கேள்வி.

தம்பி, முன்பணம் கொடுக்கவில்லை என்பது நல்ல செய்தி. கொடுக்காதீர்கள்.

மணாலி–லே சாலை அழகான சாலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது கணவாய்களின் சாலை. ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டே போகலாம், வெட்டவெளியும் வண்ணவண்ண மலையும் பார்க்கலாம். பனியாறு என்று பையன் புத்தகத்தில் பார்த்தானே, பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு வளைந்து இறங்குகிற பனி, அது அந்தச் சாலையில் கண்ணெதிரே வராது. உச்சிகளில் தொங்குகிற பனித்துண்டுகள் தூரத்தில் தெரியும், அவ்வளவுதான். பெரிய பனியாறுகளெல்லாம் பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. மணாலிக்கு வடக்கேயுள்ள லாஹௌலின் மிகப் பெரிய பனியாறான பாரா ஷிக்ரி அப்படித்தான், சந்திரா ஆற்றின் மறுபக்கம் உள்ளடங்கிக் கிடக்கிறது. அதைப் பார்க்கக் கூடாரம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்த இரண்டு நாள் கணக்கு. மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர். இரண்டு நாள் திட்டத்தில் முதல் இரவு பெரும்பாலும் சார்ச்சுவில் போடுவார்கள். அது 4,290 மீட்டர். ஒரே நாளில் தூங்குகிற உயரம் 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. நமக்கு மலை என்றால் கடலூர்ப் பக்கத்துக் குட்டையான கேப்பர் மலை. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் அன்று இரவு தலைவலியும் வாந்தியுமாகத்தான் போகும். சார்ச்சுவில் இரவு முழுக்க உட்கார்ந்தே விடியவைத்த குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரியவரையும் சின்னப் பையனையும் வைத்துக்கொண்டு அது வேண்டாத வேலை.

இந்த மாதிரிப் பயணத்தில் எங்கே நிறுத்திப் பார்ப்பது என்பதை இரண்டாவதாக யோசியுங்கள். எங்கே தூங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தூங்குகிற ஊர்களைச் சரியாகப் போட்டுவிட்டால், பார்க்கிற இடங்கள் தாமாக நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் யோசனை இது. ஸ்ரீநகரில் தொடங்குங்கள். சோனமார்க், கார்கில், சூரு பள்ளத்தாக்கு, பென்சி லா, பதும், ஷிங்கு லா, டார்ச்சா, கேலாங், மணாலி. 'லா' என்றால் கணவாய். கார்கிலிலிருந்து லே பக்கம் போகாமல் தெற்கே திரும்பி, பதும் இருக்கிற ஜான்ஸ்கர் பகுதி வழியாக இறங்குகிறீர்கள். இந்தியாவில் சாதாரண மனிதர்கள் காரில் உட்கார்ந்தபடி பெரிய பனியாறுகளைப் பார்க்க இதைவிட நல்ல சாலை எனக்குத் தெரிந்து இல்லை. உயரமும் படிப்படியாக ஏறுகிறது. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் 2,676, பனிக்கர் 3,000-த்தைச் சற்றுத் தாண்டும், பதும் 3,600 சொச்சம். கடைசியில் 5,091 மீட்டர் ஷிங்கு லாவை ஒரு பகலில் தாண்டி அன்று மாலையே 3,200 பக்கம் இறங்கிவிடலாம். இதையே மணாலியிலிருந்து தலைகீழாகச் செய்தால், உடம்பு பழகுவதற்கு முன்னாலேயே ஐயாயிரத்தைத் தொட வேண்டிவரும். திசையை மாற்றாதீர்கள்.

ஸ்ரீநகர் போவதற்கு இப்போது ரயிலே இருக்கிறது. சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை நேராகப் போகிறது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது, ஏறக்குறைய மூன்று மணி நேரம். வழியில் செனாப் பாலம் வரும். ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கிற இரும்பு வளைவுப் பாலம் அது. பையனிடம் அந்த ஆற்றின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்று பிறகு சொல்கிறேன். நீண்ட ரயில் பயணம் பெரியவருக்கு ஒத்துவராது என்றால் சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானம். எப்படிப் போனாலும் ஸ்ரீநகரில் ஒருநாள் சும்மா இருங்கள். ஸ்வெட்டர், தொப்பி, கையுறை எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். புதுச்சேரியிலும் கடலூரிலும் தேடி அலைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். காஷ்மீரில் 2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு சோதனைகள் அதிகம், சில இடங்களை அவ்வப்போது மூடித் திறக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சோனமார்க்கில் தஜிவாஸ் பனியாறு என்று குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். போவதானால் காலாற நடந்து போய்வாருங்கள், புல்வெளி நன்றாக இருக்கும். பையனுக்குப் பனியாறு காட்டியாகிவிட்டது என்று மட்டும் அங்கே கணக்கு முடித்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் அங்கே தொட்டு விளையாடுவது பனிக்காலத்தில் கொட்டிக் கரையாமல் மீந்த அழுக்குப் பனி.

சோனமார்க்கைத் தாண்டினால் சோஜி லா, 3,528 மீட்டர். கீழே புதிய சுரங்கப்பாதை இன்னும் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அது முடியும்வரை பழைய ஏற்றம்தான். சேறும் லாரியும் நிறைந்த வழி. ஓட்டுநர் எத்தனை மணிக்குக் கிளம்பச் சொல்கிறாரோ அத்தனை மணிக்குக் கிளம்புங்கள், பேரம் பேசாதீர்கள். கணவாய் கடந்து திராஸ் பக்கம் இறங்கும்போது மச்சோய் பனியாறு சாலையிலிருந்தே தெரியும். அங்கே ஐந்து நிமிடம் போதும். திராஸில் கார்கில் போர் நினைவிடம். பின்னால் டோலோலிங் மலை நிற்கிறது. 1999 போரில் உயிர்விட்டவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பட்டாலிக் பகுதியில் வீழ்ந்த திருச்சி மேஜர் மாரியப்பன் சரவணனைப் பற்றிப் பையனுக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள். அன்று இரவு கார்கில். ஆகஸ்ட் என்றால் ஆப்ரிகாட் பழம் சந்தையில் குவிந்திருக்கும். நம் ஊருக்கு வருகிற காய்ந்த பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இங்கிருந்துதான் விஷயம் ஆரம்பிக்கிறது.

கார்கிலிலிருந்து தெற்கே சூரு ஆற்றை ஒட்டிச் சாலை. சாங்கூ பக்கம் கார்ட்சே கார் என்ற கிராமத்தில் பாறையில் செதுக்கிய பெரிய மைத்ரேய புத்தர் இருக்கிறார். நேரமிருந்தால் எட்டிப் பாருங்கள். சுற்றிலும் முஸ்லிம் கிராமங்கள், பச்சைப் பசேலென்று பார்லி வயல்கள், ஓரமெல்லாம் வில்லோ மரங்கள். சிறிது தூரம் போனதும் முன்னால் இரண்டு வெள்ளைச் சிகரங்கள் எழும். நுன் 7,135 மீட்டர், குன் 7,077 மீட்டர். பனிக்கரில் தங்குங்கள். முடிந்தால் இரண்டு இரவு. கார்கிலிலிருந்து பனிக்கர் 70 கிலோமீட்டருக்குள்தான், மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பலரும் "அதற்குள் ஏன் நிற்க வேண்டும், ரங்டும் வரை போய்விடலாம்" என்பார்கள். ரங்டும் நல்ல இடம், ஆனால் உயரம் அதிகம், காற்றும் குளிரும் அடித்துத் தள்ளும். அதைப் பகலில் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள்.

பனிக்கருக்கு அப்பால் பார்க்கச்சிக். பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைக்கிற முதல் பெரிய பனியாறு இங்கேதான். ஆற்றுக்கு இந்தக் கரையில் சாலை, மறுகரையில் நுன்–குன் தோள்களிலிருந்து இறங்கி வருகிற பனி, ஏறக்குறைய ஆற்றங்கரை வரைக்கும் வந்து நிற்கிறது. முதல் பார்வையில் பையன் "இதுவா?" என்று கேட்கலாம். ஏனென்றால் அதன் முனை வெள்ளையாக இருக்காது. மேலிருந்து அரைத்துக் கொண்டுவந்த கல்லும் மண்ணும் மூடி, கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். உடைந்த இடங்களில் மட்டும் உள்ளே நீலம் தெரியும். காரை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். கல் உருளுகிற ஓசை, பனி முறிகிற ஓசை கேட்கும். டேராடூனில் இருக்கிற வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தார் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1971-இலிருந்து 1999 வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் பின்வாங்கிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு 2021 வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 12 மீட்டர் என்கிறார்கள். உருகி விலகுகிற இடத்தில் ஏரிகள் உருவாகக்கூடும் என்றும் கணித்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ரங்டும். பள்ளத்தாக்கு திடீரென்று அகலமாகி, ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, நடுவில் ஒரு குன்றின்மேல் புத்த மடம். தேநீர் குடிக்க, கால் நீட்ட ஏற்ற இடம். மடத்தைப் பார்க்க அரை மணி போதும்.

பிறகு பென்சி லா, 4,400 மீட்டர். ஏற்றம் மெதுவானது, பயமில்லை. மேலே இரண்டு சிறிய ஏரிகள். கரையில் குண்டு குண்டாக மர்மோட்டுகள், அதாவது பெரிய மலை அணில்கள், ஓடும். பயணிகள் பிஸ்கட் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், நீங்கள் கொடுக்காதீர்கள். உச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், முக்கியமானது உச்சியில் இல்லை. கணவாயைத் தாண்டிப் பதும் பக்கம் இறங்கத் தொடங்கியதும் ஒரு வளைவில் கீழே முழுவதுமாகத் தெரியும் டிராங்-டுரூங் பனியாறு.

இந்தப் பயணமே இந்த ஓர் இடத்துக்காகத்தான். ஏறக்குறைய 23 கிலோமீட்டர் நீளம். தூரத்துச் சிகரங்களிலிருந்து புறப்பட்டு, பெரிய வளைவு எடுத்து, உங்கள் காலடிக்குக் கீழே வந்து முடிகிறது. இங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பையனிடம் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பாடத்தில் படித்ததெல்லாம் ஒரே பார்வையில் இருக்கிறது. நான் புவியியல் வாத்தியாராக இருந்தவன், அதனால் கொஞ்சம் அளக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அதன் முதுகில் நீளவாக்கில் ஓடுகிற கருப்புக் கோடுகளைக் காட்டுங்கள். மேலே இரண்டு பனியாறுகள் தனித்தனியாக வருகின்றன. ஒவ்வொன்றும் தன் ஓரத்தில் மலைச்சரிவிலிருந்து விழுந்த கற்களைச் சுமந்து வருகிறது. இரண்டும் சேர்ந்ததும் ஓரத்துக் கற்கள் நடுவுக்கு வந்து கோடாகிவிடுகின்றன. அதுதான் நடு மொரைன். அந்தக் கோடு வளைந்து நெளிந்து போவதைப் பார்த்தாலே பனி நகர்கிறது என்பது புரிந்துவிடும், யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்து இரண்டு பக்கமும் பனியைவிட உயரமாக நிற்கிற சரளைக் கற்சுவர்கள். ஒரு காலத்தில் பனி அந்த உயரம் வரை இருந்தது, வற்றி இறங்கிவிட்டது, சுவர் மட்டும் நிற்கிறது. முனையில் ஓர் ஏரி தெரியும், அதில் பனிக்கட்டிகள் மிதக்கும். பனி பின்வாங்கிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உண்டானது அது. கடைசியாக, அங்கிருந்து புறப்படுகிற ஸ்டோட் ஆற்றின் நிறம். தெளிவான தண்ணீராக இருக்காது, அரிசி கழுவிய கழுநீர் மாதிரி இருக்கும். பாறையைப் பனி மாவாக அரைத்து அனுப்புகிறது.

காலையில் போய்ச் சேரப் பாருங்கள். பனியாறு உங்களுக்குத் தென்மேற்கே கிடக்கிறது, காலை வெயில் முதுகுப்பக்கமிருந்து விழும், கோடுகள் எடுப்பாகத் தெரியும். பிற்பகலில் கண்ணைக் கூசும், மேகமும் ஏறிவிடும். பனிக்கரிலிருந்து ஆறு மணிக்குள் கிளம்பினால்தான் இது நடக்கும். கீழே இறங்கிப் பனியைத் தொட்டுவிட்டு வரலாம் என்று யாராவது கூப்பிட்டால் குடும்பத்தோடு போகாதீர்கள். மேலிருந்து பார்க்கப் பக்கம் போலத் தெரியும், நடக்கத் தொடங்கினால் தூரம் தெரியும். பனிமேல் சரளை மூடிய வெடிப்புகள் இருக்கும்.

அன்று மாலை பதும். இரண்டு இரவு. டிராங்-டுரூங்கிலிருந்து வருகிற ஸ்டோட் ஆறும், தெற்கேயிருந்து வருகிற சாரப் ஆறும் பதும் பக்கத்தில் சேர்ந்து ஜான்ஸ்கர் ஆறாகின்றன. அது நிம்மூவில் சிந்துவோடு கலக்கிறது. நடுவில் கிடைக்கிற ஒரு முழு நாளில் கர்ஷா மடமும் சானி மடமும் பாருங்கள், மீதி நேரம் படுத்துக் கிடங்கள். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, சோறும் பருப்பும் எங்கேயும் கிடைக்கும். பதும் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாத கடையில் சோறு விறைத்துக்கொண்டு நிற்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அம்மாவிடம் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டித்தரச் சொன்னால் எல்லாரும் பிழைத்தார்கள்.

பதுமிலிருந்து டார்ச்சா ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள், முழு நாள் வேண்டும். சில இடங்களில் தார் உண்டு, சில இடங்களில் கல்லும் ஓடையும்தான். புர்னே பக்கம் நடந்து போனால் குகை வாயில் ஒட்டிவைத்தது போலக் கட்டிய புக்தால் மடம் இருக்கிறது. உங்கள் குழுவுக்கு அன்று நேரமும் மூச்சும் போதாது, விட்டுவிடுங்கள். கர்கியாக் தாண்டியதும் கோன்போ ரங்ஜோன் வரும். சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிற ஒற்றைப் பாறைமலை. அதை அங்கே தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். பிறகு ஷிங்கு லா. உச்சியில் கொடித் தோரணம், பக்கத்தில் ஒரு குட்டி ஏரி, சுற்றிலும் பனி தொங்குகிற சரிவுகள். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். ஐயாயிரம் மீட்டரில் காற்று நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஓடாதே, குதிக்காதே என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்தக் கணவாய்க்குக் கீழே 4.1 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வேலை 2024 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. அது திறந்துவிட்டால் எல்லாரும் உள்ளே புகுந்து போய்விடுவார்கள், மேலே போக வேண்டிய அவசியமே இருக்காது.

இந்த நாளில் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். ஓடைகளையெல்லாம் மதியத்துக்கு முன் தாண்டிவிட வேண்டும். நமக்குத் தென்பெண்ணையும் கெடிலமும் பெருகுவது ஐப்பசி கார்த்திகை மழையில், அல்லது சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டால். மழை நின்றால் வடிந்துவிடும் என்று நம் மனதுக்குப் பழக்கம். அங்கே கணக்கு வேறு. வானம் நீலமாக, வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளில்தான் தண்ணீர் கூடும். காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடுகிற ஓடை மாலை நாலு மணிக்குத் தொடையளவு வந்து காரைத் தள்ளும். பனி உருகிய நீர் மேலிருந்து கீழே வந்து சேர அவ்வளவு நேரமாகிறது. இரவில் உறைந்து மறுபடி காலையில் இறங்கிவிடும். மாட்டிக்கொண்டால் துணிந்து இறக்காமல் இக்கரையிலேயே இரவைக் கழிப்பது மேல்.

டார்ச்சா இறங்கி ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ தூங்குங்கள். ஆயிரத்து எண்ணூறு மீட்டர் இறங்கியிருப்பீர்கள், தூக்கம் சொக்கும். கேலாங்கிலிருந்து எதிர்மலையில் 'லேடி ஆஃப் கேலாங்' என்று ஒரு சிகரத்தைக் காட்டுவார்கள். பனியின் நடுவே கரும்பாறை ஒரு பெண் நடந்துபோகிற வடிவில் தெரியும். சிலருக்குத் தெரியும், சிலருக்குக் கடைசிவரை தெரியாது. பிறகு டாண்டி. வடக்கேயிருந்து பாகா, கிழக்கேயிருந்து சந்திரா, இரண்டும் இங்கே கூடிச் சந்திரபாகா ஆகின்றன. கீழே போகப் போக அதற்குத்தான் செனாப் என்று பெயர். ரயில் பாலத்தில் 359 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்த அதே ஆற்றின் தொடக்கத்தில் பையன் கையை நனைக்கலாம்.

சிஸ்ஸுவில் ஆற்றுக்கு அப்பால் அருவி, இப்போது கூட்டமும் கடைகளும் அதிகம். காரிலிருந்தே பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். அங்கிருந்து அடல் சுரங்கப்பாதை, 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்தது. வறண்ட மலையில் உள்ளே நுழைந்து பச்சைக் காட்டில் வெளியே வருவீர்கள்.

அப்பா விஷயம். ஜிப்மரிலோ உங்கள் குடும்ப டாக்டரிடமோ இந்தப் பயணத்தின் உயரங்களை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். "லடாக் போகிறோம்" என்று மொட்டையாகச் சொன்னால் டாக்டருக்கும் ஒன்றும் விளங்காது. மலை உயரத்தில் வருகிற தலைவலி, குமட்டலுக்குப் போடுகிற டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். அது நீரைப் பிரிக்கிற மருந்து, அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையிலும் அந்த வகை மருந்து கலந்திருக்கலாம். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கூடவே கூடாது. பையனுக்கு அளவு வேறு. ரத்த அழுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்குகிற உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வது பொது விதி. நான் சொன்ன வரிசை ஏறக்குறைய அதை ஒட்டியே இருக்கிறது. உடற்பயிற்சி இதற்குக் காப்பு இல்லை. தினமும் சில்வர் பீச்சில் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் தலைவலி வரும். தலைவலி, குமட்டல் என்றால் அதற்குமேல் ஏறாமல் ஓய்வெடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், அது இரவோ பகலோ உடனே கீழே இறங்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் இறங்குகிற வரைக்கும்தான் துணை.

மாதத்தைப் பற்றி. ஆகஸ்டுக்குப் பதில் செப்டம்பர் கிடைக்குமா பாருங்கள். காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில்தானே வருகிறது, அதோடு சில நாள் லீவு சேர்த்தால் சரியாக வரும். ஜூனில் போனால் பனியாற்றின்மேல் அந்த ஆண்டுப் பனி மூடியிருக்கும், எல்லாம் ஒரே வெள்ளை. ஆகஸ்ட் முடிவதற்குள் அது கரைந்து, அடியிலிருக்கிற பழைய பனிக்கட்டி, வெடிப்பு, கோடு எல்லாம் வெளியே வரும். செப்டம்பரில் ஓடைகளில் தண்ணீரும் குறைவு. இரவுக் குளிர் மட்டும் கடுமை, உச்சியில் புதுப்பனி விழுந்தால் ஒருநாள் காத்திருக்க நேரலாம். இன்னொரு காரணம், ஜான்ஸ்கர் மழை மறைவுப் பகுதியாக இருந்தாலும் நீங்கள் திரும்பி வருகிற குலு–மண்டி சாலை அப்படியில்லை. 2023 ஜூலையிலும் 2025 ஆகஸ்டிலும் பியாஸ் ஆறு அந்தச் சாலையைத் துண்டு துண்டாக அரித்துக்கொண்டு போனது.

வண்டியை மூன்று துண்டாகப் பேசுங்கள். ஸ்ரீநகரிலிருந்து கார்கில் ஒன்று, கார்கிலிலிருந்து பதும் ஒன்று, பதுமிலிருந்து மணாலி ஒன்று. வெளி மாநில வாடகை வண்டி லடாக்குக்குள் ஊர் சுற்றிக் காட்ட அங்குள்ள டாக்ஸி சங்கங்கள் விடுவதில்லை. ஒரே வண்டி என்று அடித்துச் சொல்கிற ஏஜென்டிடம் இதைக் கேளுங்கள், முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். டீசலுக்குக் கார்கில், பதும், டாண்டி. நம் ஊர் பிரீபெய்டு சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும். இது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், புதுச்சேரியிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். குழுவில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற மாமாவோ அத்தையோ இருந்தால் அசல் பாஸ்போர்ட்டும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். நம்மைப் போலத்தானே இருக்கிறார் என்று ஓட்டலிலும் சோதனைச் சாவடியிலும் விட்டுவிட மாட்டார்கள்.

வீட்டில் எல்லாரும் லே பார்த்தே ஆக வேண்டும் என்றால், பனியாற்றை மறந்துவிட்டு மணாலி–லே சாலையை அதற்குரிய விதத்தில் பாருங்கள். ஜிஸ்பாவில் இரண்டு இரவு, பிறகு தீபக் தால் ஏரி, பாரலாச்சா லா அடியில் பாகா ஆறு பிறக்கிற சூரஜ் தால் ஏரி, காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், மோரே சமவெளி, 5,328 மீட்டர் தங்லாங் லா. சார்ச்சுவிலும் அதற்கு அப்பாலுள்ள பாங் என்ற இடத்திலும் படுக்காமல், விடியற்காலையில் கிளம்பி ஒரே மூச்சில் லே போய்ச் சேரப் பாருங்கள். அதுவும் நீண்ட, களைப்பான நாள்தான்.

ஜான்ஸ்கர் வழிக்கு ஸ்ரீநகரிலிருந்து மணாலி வரை பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு நாளைச் சும்மா கையில் வைத்திருந்து, சண்டிகரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ திரும்புகிற டிக்கெட்டை அதற்கு அடுத்த தேதிக்குப் போடுங்கள். ஷிங்கு லாவில் புதுப்பனி, மண்டியில் மண்சரிவு, இரண்டில் ஒன்று வந்தாலும் அந்த ஒரு நாள் போய்விடும். ஒன்றும் வராவிட்டால் மணாலியில் பெரியவர்கள் நன்றாகத் தூங்கி எழட்டும்.